வகுப்புக்கு வராத வீடுகள்



பிள்ளை வளர்ப்பைப் பற்றி நம் பங்கிலும் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினால் என்ன என்று தாய்மார் சிலர் கேட்டிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆயினும் நாள் குறித்து, பூசையில் அறிக்கை வாசித்து, மண்டபத்தில் பாய் விரிப்பதற்கு முன்னால் ஒரு காரியத்தை யோசிக்க வேண்டியிருக்கிறது. இத்தகைய வகுப்பு எங்கே வைத்தாலும் யார் வருகிறார்கள்? சொன்னதைக் கேட்கிற பிள்ளையைப் பெற்றவர்கள் முதல் வரிசையில் வந்து உட்காருகிறார்கள். எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் அடுத்த பையனின் மண்டையை உடைத்தானோ, எந்த வீட்டில் ஒவ்வொரு மாலைப் பொழுதும் கூச்சலும் அடியுமாகக் கழிகிறதோ, அந்த வீட்டாரைக் காணோம்.

காணாதவர்கள் மீது நாம் சுலபமாக ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்: "அவர்களுக்குப் பிள்ளைகள் மேல் அக்கறை கிடையாது." இந்தத் தீர்ப்பு சரிதானா என்பதையே இந்த வாரப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

எந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முதலில் தெளிவாக இருக்கட்டும். இரண்டு வயதுக் குழந்தை கடைத்தெருவில் பொம்மை கேட்டு மண்ணில் புரண்டு அழுவது வியாதியுமல்ல, துஷ்டத்தனமுமல்ல. அந்த வயதின் சுபாவம் அது. ஆனால் நாலைந்து வயது ஆன பிறகும், மாதக்கணக்காக, வீட்டிலும் பள்ளியிலும், எதற்கெடுத்தாலும் மாட்டேன் என்பது, அடிப்பது, கடிப்பது, சாமான்களை உடைப்பது, தம்பி தங்கையை வதைப்பது என்று நீடித்தால் கவனிக்க வேண்டும். காது சரியாகக் கேளாததாலும், பேச்சு வர நாளாவதாலும், ஆட்டிசம் போன்ற வேறு காரணங்களாலும் சில பிள்ளைகள் முரடர்களாகத் தோன்றுவதுண்டு. ஆகையால் குழந்தை வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிடுவது முதல் வேலை. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, வீட்டில் நடக்கும் போராட்டம்தான் என்று தெரிந்தால், பெற்றோருக்கான பயிற்சி பெரிதும் உதவுகிறது என்று பல தேசத்து ஆராய்ச்சிகளும் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் 2 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் எல்லோருக்கும் இத்தகைய பயிற்சி எளிதில் கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்று கூறியிருக்கிறது.

இந்தப் போராட்டம் எப்படி வளர்கிறது? அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்து யூஜீன் நகரில் ஜெரால்டு பாட்டர்சன் என்ற மனோதத்துவ நிபுணர் இருந்தார். 2016-ல் காலமானார். அவருடைய குழுவினர், பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துக் கேள்வி கேட்டதோடு நிற்காமல், வீடுகளுக்கே போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, தாய் என்ன சொன்னாள், பிள்ளை என்ன செய்தான், அடுத்து தாய் என்ன செய்தாள் என்று கணத்துக்குக் கணம் குறித்துக்கொண்டார்கள். அவர்கள் கண்டதை நம் வீட்டுக் காட்சியாகவே சொல்லிப் பார்க்கலாம்.

மாலை ஆறரை மணி. அடுப்பில் உலை கொதிக்கிறது. "செல்போனை வைத்துவிட்டுச் சாப்பிட வா" என்கிறாள் தாய். பையன் காதில் வாங்கவில்லை. மறுபடியும் சொல்கிறாள். "மாட்டேன்" என்கிறான். கிட்டே வந்து பிடுங்கப் போகிறாள். வீடே அதிரும்படி அலறுகிறான், கையிலிருந்த தம்ளரை வீசுகிறான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிறது. அவளோ விடியற்காலை முதல் நின்றவள். "சரி, பார்த்துத் தொலை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். அலறல் உடனே நின்றுவிடுகிறது.

அந்த ஒரு நிமிடத்தில் இரண்டு பேரும் ஒரு பாடம் படித்துவிட்டார்கள். அலறினால் காரியம் நடக்கும் என்று பையன் படித்தான். விட்டுக்கொடுத்தால் சத்தம் அடங்கும் என்று தாய் படித்தாள். மறுநாள் அவன் அலறலிலேயே ஆரம்பிக்கிறான். அவளும் கத்தலிலேயே ஆரம்பிக்கிறாள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அடித்துவிடுகிறாள். அடித்த கணமே அடங்குகிறான். அடிதான் மருந்து என்று அவளுக்குத் தோன்றுகிறது. பெரியவர்கள் பலத்தைக் காட்டித்தான் ஜெயிக்கிறார்கள் என்று அவனுக்குப் புரிகிறது. அதைப் பள்ளிக்கூடத்தில் தன்னைவிடச் சிறியவனிடம் செய்து பார்க்கிறான். இன்றைய அமைதியைக் கைமாற்றாக வாங்கி நாளைக்கு வட்டியோடு கட்டுகிற கதை இது. பாட்டர்சன் இந்த வலையைப் பற்றி 1982-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார்.

இதில் கெட்ட தாய் எங்கே இருக்கிறாள்? ஒரு களைத்த தாய் இருக்கிறாள், அவ்வளவுதான். கைக்கு உதவி இல்லாதவள், கணவன் வெளியூரில் இருக்கிறவள், கடனில் இருக்கிறவள், மனச்சோர்வில் இருக்கிறவள் ஆகியோர் இந்த வலையில் சீக்கிரம் விழுகிறார்கள். வகுப்புக்கு வர நேரமும் தெம்பும் இல்லாதவர்களும் இவர்களேதான். இதைக் கொஞ்சம் நிதானித்து யோசியுங்கள்.

வகுப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துச் சர்வகலாசாலையில் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்டிராட்டன் என்ற அம்மையார் உருவாக்கிய பயிற்சி பல தேசங்களிலும் நடந்துவருகிறது. அதில் பிரசங்கம் குறைவு. பெற்றோர் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்காருவார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் பழகும் சிறு சிறு படக்காட்சிகளைப் போட்டுக் காட்டி, "இந்தத் தாய் செய்தது எப்படி? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று பேசவைப்பார்கள். பிறகு ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் தாயாகவும் நடித்துப் பழகுவார்கள். பயிற்சியின் பாகங்களை அந்த அம்மையார் ஒரு கோபுரம் போல அடுக்கியிருக்கிறார். அகன்ற அடித்தளம் விளையாட்டு, அதன்மேல் பாராட்டு, அதற்கும் மேலே ஒழுங்கு, தெளிவான கட்டளை, தண்டனை என்பது உச்சியிலுள்ள சிறு கலசம். நாமோ கலசத்தை முதலில் வைத்துவிட்டு, கோபுரம் ஏன் நிற்கவில்லை என்று கேட்கிறோம்.

விளையாட்டு என்றால், தினமும் பத்து நிமிடம் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து, அவன் இஷ்டப்படி விளையாடுவது. அந்த நேரத்தில் திருத்தம் சொல்வதோ, கணக்குக் கேட்பதோ கூடாது. பாராட்டு என்றால், "சமத்து" என்று பொதுவாகச் சொல்லாமல், "தம்பிக்குப் பந்தைக் கொடுத்தாயே, அது நன்றாயிருந்தது" என்று செய்த காரியத்தைக் குறித்துச் சொல்வது. கட்டளை என்றால், தூரத்திலிருந்து கத்தாமல் கிட்டே போய், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும், பிள்ளை செய்யக்கூடிய விதத்தில் சொல்வது. "சும்மா இரு" என்பது கட்டளையே அல்ல. எதைச் செய்தால் சும்மா இருந்ததாகும் என்று பிள்ளைக்குத் தெரியாது. "பாயில் உட்கார்" என்றால் தெரியும். சிணுங்கலைக் காணாததுபோல் விட்டுவிட்டு, சிணுங்கல் நின்றதும் உடனே கவனிப்பது, மீறினால் சின்னதாக, உடனடியாக, கோபமில்லாமல் ஒரு விளைவு, அடி வேண்டாம். கேட்க எளிதாக இருக்கிறது. மாலை ஆறரை மணிக்கு உலை கொதிக்கும்போது செய்வதுதான் கடினம். அதனால்தான் ஒரே நாள் பேச்சாக முடிக்காமல் வாரா வாரம் சேர்ந்து பழக வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பயனுள்ள வகுப்பு நடந்தும் பாதிப் பேர் அதன் பயனை அடைவதில்லை. அனில் சாக்கோ என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் இதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். தேவையுள்ளவர்கள் என்று கண்டறியப்பட்ட பெற்றோரில் குறைந்தது நூற்றுக்கு 25 பேர் வகுப்பில் சேரவே இல்லை. இன்னும் 26 பேர் சேர்ந்து பாதியில் நின்றுவிட்டார்கள். நாலு வீட்டில் ஒரு வீடு வாசலே மிதிக்கவில்லை. இன்னொரு வீடு நடுவில் எழுந்து போய்விட்டது. வசதிகளுள்ள தேசங்களிலேயே நிலைமை இதுவானால், அக்கறையின்மை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியுமா?

முதல் காரணம் வெட்கம். வகுப்புக்குப் போவது, "எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது" என்று ஊரார் முன்னிலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுபோல் ஒரு தாய்க்குத் தோன்றுகிறது. மேல்நாடுகளிலோ இத்துடன் ஒரு பயமும் சேர்ந்துகொள்கிறது: வீட்டு விஷயத்தை வெளியில் சொன்னால் அதிகாரிகள் வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஏழைத் தாய்மார் அஞ்சுகிறார்கள்.

இரண்டாவது, "அடங்காதவன் அவன், பாடம் எனக்கா?" என்ற கேள்வி. இதைத் திமிர் என்று நினைக்காதீர்கள். அவள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் நியாயமான கேள்வியே. பையன் நேற்று தங்கையின் கையைக் கடித்திருக்கிறான். வகுப்பிலோ, "அவனோடு விளையாடுங்கள், பாராட்டுங்கள்" என்கிறார்கள். நெருப்புப் பற்றிய வீட்டுக்குக் கோலம் போடச் சொன்னதுபோல் இருக்கிறது அவளுக்கு. விளையாட்டை ஏன் முதலில் வைத்திருக்கிறோம், தண்டனையைப் பற்றி எப்போது பேசப்போகிறோம் என்று முதல் நாளே விளக்கிச் சொல்லாவிட்டால் அவள் மூன்றாம் வாரம் வரமாட்டாள்.

மூன்றாவது, பஸ், வேலை நேரம், கைக்குழந்தை, மாமியாருக்கு மருந்து கொடுக்கும் வேளை. இவற்றைச் சில்லறைக் காரணங்கள் என்று படித்தவர்கள் ஒதுக்குவார்கள். வீடு நடத்துகிற உங்களுக்கு இவை சில்லறை அல்ல என்று தெரியும். அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் ஆலன் கஸ்டின் என்பவரும் மாத்யூ நாக் என்பவரும் 2005-ல் ஒரு சிறு சோதனையை வெளியிட்டார்கள். சிகிச்சைக்கு வந்த பெற்றோரில் ஒரு பகுதியாரிடம் மட்டும் இடையிடையே சில நிமிடம் ஒதுக்கி, "இங்கே வருவதற்கு உங்களுக்கு என்னென்ன தடை வரும்? வந்தால் என்ன செய்யலாம்?" என்று கேட்டு, பதிலையும் அவர்களோடு சேர்ந்தே யோசித்தார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிக முறை வந்தார்கள். வேறொன்றும் கொடுக்கவில்லை, கேட்டார்கள், அவ்வளவே.

இப்போது வேல்ஸ் தேசத்துக்குப் போவோம். இங்கிலாந்துக்கு மேற்கே, மலையும் ஆடுகளுமான நாடு. பழைய கல்சுரங்கங்கள் மூடப்பட்டு வேலை குறைந்துபோன ஊர்கள் அங்கே உண்டு. பாங்கர் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜூடி ஹட்சிங்ஸ் என்ற அம்மையார், வட வேல்ஸிலும் மத்திய வேல்ஸிலும் கஷ்டப்பட்ட 11 பகுதிகளில், நான் மேலே சொன்ன சியாட்டில் பயிற்சியை நடத்திப் பார்த்தார். மூன்று நாலு வயதுப் பிள்ளைகளையுடைய 153 குடும்பங்கள். 104 குடும்பங்களுக்கு உடனே 12 வாரப் பயிற்சி. மீதி 49 குடும்பங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில மாதங்கள் காத்திருந்தன. முடிவு 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வந்தது. பயிற்சி பெற்ற வீடுகளில் பிள்ளைகளின் முரட்டுத்தனம் குறைந்தது. தாய்மாரின் மனச்சோர்வும் குறைந்தது. ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நிலைத்திருந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த ஏழைக் குடும்பங்கள் வகுப்புக்கு எப்படி வந்தன என்பதே. சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. பிள்ளை பிறந்தது முதல் அந்த வீடுகளுக்குப் போய்வந்து கொண்டிருந்த சுகாதாரத் தாதிகள், முன்பே அறிமுகமான முகங்கள், நேரில் போய்ப் பேசினார்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள். வண்டி வசதி, சாப்பாடு ஏற்பாடு செய்தார்கள். வாரத்தின் நடுவில் தொலைபேசியில் கூப்பிட்டு, வீட்டில் எப்படிப் போகிறது என்று விசாரித்தார்கள். ஒரு வாரம் வராதவரை விட்டுவிடாமல், தவறிய பாடத்தைத் தேடிப் போய்ச் சொன்னார்கள். தென் ஆப்பிரிக்காவில் கேப் டவுன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் நடந்த "சினோவூயோ" என்ற பயிற்சியிலும் இதே முறைதான்: சேர்ந்து சாப்பாடு, வராதவர் வீட்டுக்கு நடை. ஹோஸா பாஷையில் அந்தப் பெயருக்கு "எங்களுக்கு மகிழ்ச்சி உண்டு" என்று அர்த்தமாம். பயிற்சிக்கு வைக்கிற பெயரில்கூட வெட்கத்தைப் போக்கும் வழி இருக்கிறது, பாருங்கள். "அடங்காத பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பு" என்று நாம் அறிக்கை வாசித்தால் யார் எழுந்து வருவார்கள்?

வந்த பிறகும் ஒரு கண்டம் இருக்கிறது. பாட்டர்சனும் அவருடைய சக ஆராய்ச்சியாளரான மேரியன் ஃபோர்காட்ச் அம்மையாரும் 1985-ல் வெளியிட்ட ஓர் ஆய்வை, பேசுவதையே தொழிலாகக் கொண்ட என்னைப் போன்றவர்கள் பிரேம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். பெற்றோரோடு ஆலோசகர் பேசும் பேச்சை வரிவரியாகக் கவனித்தார்கள். ஆலோசகர் போதிக்கும்போதும், தவறைச் சுட்டிக்காட்டும்போதும், பெற்றோரின் எதிர்ப்பு அதிகமாயிற்று. ஆதரவாகப் பேசும்போது குறைந்தது. வேண்டுமென்றே மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள். எதிர்ப்பும் அதற்கேற்றபடி ஏறி இறங்கிற்று. தருமசங்கடம் என்னவென்றால், கற்பிக்காமலும் இருக்க முடியாது, அதற்காகத்தான் வகுப்பு. ஆகவே கற்பிக்கிறவர் முதலில் அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவள் இதுவரை செய்து பார்த்தது என்ன, அதில் எது கொஞ்சமாவது பலித்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால், பாதிப் பாடம் அவள் வாயிலிருந்தே வந்துவிடும்.

இனி நம் வீதிக்கு வருவோம். வெட்கம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. அதை நாம்தான் ஒவ்வொரு நாளும் விநியோகிக்கிறோம். "வளர்ப்பு அப்படி" என்று குழாயடியில் ஒரு பேச்சு. "எங்கள் காலத்தில் ஒரு முறை முறைத்தால் போதும்" என்று திண்ணையில் ஒரு பேச்சு. பாட்டிமாரே, நீங்கள் பிள்ளை வளர்த்த காலத்தில் வீட்டில் அத்தை, சித்தி, மாமி என்று நாலு கைகள் இருந்தன. இன்று உங்கள் மருமகளுக்கு இருப்பவை அவளுடைய இரண்டு கைகளே. அவள் வகுப்புக்குப் போக ஆசைப்பட்டால், "எனக்குத் தெரியாததையா அங்கே சொல்லப் போகிறார்கள்?" என்று கேட்காமல், அந்த இரண்டு மணி நேரம் பேரனைப் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். வீட்டில் ஒருவர் விட்டுக்கொடுக்காமல் இருக்கும்போது இன்னொருவர் ஒளித்து மிட்டாய் கொடுத்தால் பயிற்சி பலிக்காது.

தகப்பன்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. எந்த தேசத்திலும் இந்த வகுப்புகளில் தாய்மார்தான் நிறைந்திருக்கிறார்கள். அழைப்பும் அவர்கள் பெயருக்கே போகிறது, நேரமும் நீங்கள் வேலையில் இருக்கும் வேளையாகவே இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். அது மெய்தான். ஆகையால் நம் வகுப்பின் அழைப்பு இருவர் பெயருக்கும் வரும். வந்த பிறகு, "அவளே போகட்டும்" என்று சொல்வதற்கு வழியிருக்காது. வெளியூரில் வேலை செய்கிறவர்கள் மனைவியிடம் போனில், "இந்த வாரம் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டாலும் அது உதவிதான்.

பள்ளி உபாத்தியாயர்கள் பிள்ளையைப் பற்றிய புகாரோடு பெற்றோரைக் கூப்பிடும்போது, அவன் செய்த நல்ல காரியம் ஒன்றையும் சேர்த்துச் சொன்னால், அந்தத் தாய் அடுத்த முறை கூப்பிட்டால் வருவாள். வகுப்புவரை காத்திருக்க முடியாத நிலையில் யாராவது இருந்தால், மத்திய அரசாங்கம் 2022-ல் தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

வகுப்பு ஏற்பாட்டுக்கு வருகிறேன். மரியாயின் சேனையார் வழக்கமாக வீடு சந்திக்கப் போவது உங்களுக்குத் தெரியும். இந்த மாதம் அவர்கள் சிறு பிள்ளைகள் உள்ள எல்லா வீடுகளுக்கும் போவார்கள். எந்தப் பிள்ளை எப்படி என்று விசாரிக்கமாட்டார்கள். எந்தக் கிழமை, எந்த நேரம் சௌகரியம், வருவதற்குத் தடை என்ன என்று மட்டும் கேட்பார்கள். நேரில் சொல்ல விருப்பமில்லாதவர்கள் ஒரு துண்டுச் சீட்டில், பெயர் போடாமல், இவற்றை எழுதிக் கோவில் வாசலிலுள்ள பெட்டியில் போட்டுவிடலாம். வகுப்பு நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நாலு பேர் வேண்டும். மேல்நிலைப் பள்ளி முடித்த பெண்களும் ஆண் பிள்ளைகளும் பெயர் கொடுக்கலாம். தேநீரும் சுண்டலும் யார் பொறுப்பு என்பதை வின்சென்ட் தே பவுல் சபையார் பேசி முடிவு செய்வார்கள். மண்டபம் தூரமாக இருக்கிறது என்று மேற்குத் தெருக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அங்கேயே யாராவது தங்கள் வீட்டுக் கூடத்தை வாரம் ஒரு மாலை ஒதுக்கித் தருவார்களா? வெள்ளிக்கிழமை சந்தை நாள். அன்றைக்கு வேண்டாம் என்று இப்போதே குறித்துக்கொண்டேன்.